ஓப்பன்டிடிடி வட ஆற்காடு வரைபடம்: காட்பாடியில் கூட்ஸ் தேங்குகிறது, திடீரென்று காணாமலும் போகிறது

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி)

எல்லோருக்கும் வணக்கம். நம்ம ஊரையே வரைபடமாக்கி ஓப்பன்டிடிடியில் (ரயில், லாரி விட்டுச் சரக்கு ஏற்றிச் சம்பாதிக்கிற கணினி ஆட்டம்) ஆடிக்கொண்டிருக்கிறேன். உயர வரைபடத்தை உள்ளே இறக்கி, சினாரியோ எடிட்டரில் பாலாற்றை வரைந்து, ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துவிட்டேன். மேற்கே ஜோலார்பேட்டை, கிழக்கே சென்னை, தெற்கே ஆரணி. பணம் இந்திய ரூபாய்.

ஆட்டத்தின் டெம்ப்ரேட் (மிதவெப்ப) காலநிலையில் தோல் என்று தனிச் சரக்கு கிடையாது. பண்ணையிலிருந்து கால்நடை ஃபேக்டரிக்குப் போனால் கூட்ஸாக (தயாரான பொருளுக்கு ஆட்டத்தில் உள்ள பொதுப் பெயர்) வெளியே வருகிறது. அதனால் ராணிப்பேட்டையில் ஒரு ஃபேக்டரி, ஆம்பூரில் ஒரு ஃபேக்டரி வைத்து, அவற்றைத் தோல், ஷூ என்று நினைத்துக்கொண்டு ஆடுகிறேன். இரண்டு இடத்துக் கூட்ஸையும் லாரியில் காட்பாடிக்குக் கொண்டுவந்து டிரான்ஸ்ஃபர், அதாவது ரயில் எடுத்துப்போக ஸ்டேஷனில் இறக்கி வைப்பது. அங்கிருந்து ரயிலில் சென்னை. பெரிய ஊர்க் கட்டடங்கள் கூட்ஸை வாங்கிக்கொள்ளும் என்பதால் பாரிமுனையை ஒட்டி ஸ்டேஷன்.

மாதம் 600 பெட்டி காட்பாடிக்கு வருகிறது. ராணிப்பேட்டை 400, ஆம்பூர் 200. ரயில் ஆறு. ஒவ்வொன்றும் 100 பெட்டி எடுக்கும். போய்த் திரும்ப 40 நாள்.

பிரச்சினை இரண்டு. ஆட்டத்தில் இரண்டு வருஷமாகக் காட்பாடியில் குவியல் ஏறிக்கொண்டே போய் 3,500ஐத் தொட்டது. பிறகு ஒரே மாதத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. ரயில் எதுவும் கூடுதலாக ஓடவில்லை. சரக்கை யார் எடுத்தார்கள்? அடுத்தது, ராணிப்பேட்டை லாரிகள் எல்லாம் நல்ல லாபம் காட்டுகின்றன, ரயில்கள் செலவைக்கூட ஈடுகட்டவில்லை. ரயிலை விற்றுவிட்டுச் சென்னை வரைக்கும் லாரியே விடலாமா? இல்லை, காட்பாடியில் குடோன் மாதிரி ஏதாவது கட்டிச் சரக்கைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

---

ஆரணிநெல்

முதலில் லாரி ஆர்டரைப் பாருங்கள். காட்பாடியில் வெறும் டிரான்ஸ்ஃபர் மட்டும் போட்டிருந்தால், லாரி இறக்கிய சரக்கையே மறுபடி ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டைக்குத் திரும்பும். 'டிரான்ஸ்ஃபர் செய்து காலியாகக் கிளம்பு' என்று இருக்க வேண்டும். குவியல் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

---

பாலாற்றங்கரை

அது சரியாகத்தான் இருக்கிறது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஃபுல் லோடு (நிரம்பும்வரை நின்று ஏற்றுவது), காட்பாடியில் டிரான்ஸ்ஃபர், காலியாகக் கிளம்பு. திரும்பிப் போகிற லாரி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன், காலிதான்.

---

கூட்ஸ்கார்டு (அரக்கோணம்)

தம்பி, யாரும் எடுக்கவில்லை. ஆட்டமே அழித்துவிட்டது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கே இதுதான்.

குடோன் என்று தனிக் கட்டடம் ஓப்பன்டிடிடியில் கிடையாது. ஸ்டேஷன்தான் குடோன். நான்கு பிளாட்ஃபார்ம் கட்டினாலும் நாற்பது கட்டினாலும் கொள்ளளவு மாறாது. மூட்டையை அடுக்க இடம் இருக்கிறதா என்று ஆட்டம் பார்ப்பதில்லை. அந்த ஸ்டேஷனில் அந்தச் சரக்குக்கு என்ன ரேட்டிங், அதாவது நம் சேவைக்கு எத்தனை சதவீத மதிப்பெண், என்று மட்டும் பார்க்கிறது. ரேட்டிங் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் நிற்கிற சரக்கு சிறுகச் சிறுக ஒழுகும். 25 சதவீதத்துக்குக் கீழே போய், நிற்பது 100ஐத் தாண்டியிருந்தால் இரண்டரை நாளுக்கு ஒரு முறை கால்வாசியை வெட்டி எறிந்துவிடும். இது போக 4,096ஐத் தாண்டினால் தனியாக இன்னொரு வெட்டு உண்டு. நீங்கள் அங்கே போய்ச் சேரவே இல்லை.

சரி, உங்கள் காட்பாடி ரேட்டிங்கைக் கூட்டிப் பார்ப்போம்.

ஆறு ரயில், 40 நாள் சுற்று. ஏறத்தாழ 7 நாளுக்கு ஒன்று வந்து எடுக்கிறது. கடைசியாக எடுத்து ஏழரை நாளுக்குள் என்றால் முழு மதிப்பெண், 51 சதவீதம். 15 நாள் வரை 37, 30 நாள் வரை 19, 52 நாள் வரை 10.

வேகம். 85க்கு மேல் போகப் போகத்தான் மதிப்பெண். உங்கள் இன்ஜின் 112 கி.மீ.யில் ஓடினால் 2 சதவீதம் வரும். மிக வேகமான ரயிலுக்குக்கூட 17தான்.

இன்ஜின் வயது. முதல் வருஷம் 13, இரண்டாம் வருஷம் 8, மூன்றாம் வருஷம் 4, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கடைசியாக, தேங்கி நிற்கிற சரக்கு. 60 வரை இருந்தால் 16 கூடும், 100 வரை 12, 300 வரை 4, 600 வரை ஒன்றுமில்லை. 600ஐத் தாண்டினால் 14 கழியும். 1,500ஐத் தாண்டினால் 35 கழியும்.

உங்கள் குவியல் 1,500ஐத் தாண்டி வெகு நாளாகிறது. முதல் வருஷம் 51 + 2 + 13 − 35 = 31. இரண்டாம் வருஷம் 26. இரண்டுமே 25க்கு மேல்தான், அதனால் கொஞ்சம் ஒழுகியிருக்கும், உங்கள் கண்ணில் பட்டிருக்காது. இன்ஜினுக்கு இரண்டு வயது முடிந்தது. 22 ஆகிவிட்டது. அன்றைக்கே வெட்டு ஆரம்பம். 3,500 முதலில் 2,625, பிறகு 1,970 அளவில், பிறகு 1,500க்குக் கீழே. 1,500க்குக் கீழே வந்ததும் கழிவு 35லிருந்து 14 ஆகக் குறைகிறது, ரேட்டிங் மெதுவாக ஏறி 25ஐத் தாண்டும் வரைக்கும் இன்னும் சில வெட்டு. அதனால்தான் ஆயிரத்துக்குக் கீழே வந்து நின்றது. ஆறு ரயிலையும் ஒரே சமயத்தில் வாங்கியிருப்பீர்கள், அதனால் எல்லா இன்ஜினுக்கும் ஒன்றாக வயதாகியிருக்கிறது.

இப்படியே விட்டால் குவியல் மறுபடி 1,500 வரை ஏறும், மறுபடி வெட்டு விழும்.

---

பாலாற்றங்கரை

// ஆறு ரயிலையும் ஒரே சமயத்தில் வாங்கியிருப்பீர்கள் //

ஆமாம் அண்ணா, ஒரே நாளில் வாங்கியது. காட்பாடி ஸ்டேஷன் சன்னலைத் திறந்து பார்த்தேன். கூட்ஸ் ரேட்டிங் இப்போது 30க்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே உட்காருகிறது.

அப்படியானால் இன்ஜினை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதுமா?

---

லுங்கிக்கரை (குடியாத்தம்)

நானும் அதையேதான் கேட்க வந்தேன். ஆட்டோ ரிப்ளேஸ் (பழைய வண்டியைத் தானாக மாற்றுகிற வசதி) இருக்கிறது, ஊரில் சிலை வைத்தால் 10 சதவீதம் கூடும் என்று படித்திருக்கிறேன். காட்பாடி நகரசபையில் சிலைக்குப் பணம் கட்டிவிட்டால் 22 என்பது 32 ஆகிவிடுமே. வெட்டு நின்றுவிடும் இல்லையா?

---

கூட்ஸ்கார்டு

சிலை வைத்தால் வெட்டு நிற்கும், ஒழுகல் நிற்காது. 32 என்பது 50க்குக் கீழேதானே. அதைவிட முக்கியமாக, குவியல் ஏறுவது நிற்காது. மாதம் 600 வருகிறது. ஒரு ரயில் 40 நாளில் 100 எடுத்தால் 30 நாளில் 75. ஆறு ரயில் 450. மாதம் 150 பெட்டி மிச்சம் விழுகிறது, இரண்டு வருஷத்தில் 3,600. நீங்கள் பார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறதா? சிலை வைத்தால் அது 4,096 வரை ஏறி அங்கே வெட்டுப்படும்.

உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகாத வரைக்கும் எந்தக் குடோனும் நிறையத்தான் செய்யும். இப்போதே எட்டு ரயில் விட்டால் சரிக்குச் சரி. ஒன்பது விட்டால் மாதம் 75 பெட்டி குவியலிலிருந்து கரையும். குவியல் 60க்குள் வந்துவிட்டது என்று வையுங்கள், அதே பழைய இன்ஜின், அதே வேகம், சிலையும் இல்லை: 51 + 2 + 4 + 16 = 73. குவியலைக் கரைத்ததால் மட்டும் 22 இருந்த இடத்தில் 73.

ரயில் லாபம் பற்றி ராத்திரி எழுதுகிறேன், அது இதைவிடப் பெரிய விஷயம்.

---

ஜவ்வாதுமலை

இதனால்தான் நான் சிமுட்ரான்ஸுக்கு மாறினேன், இதே மாதிரி இன்னொரு ஆட்டம். அதுவும் இலவசம்தான். அங்கே சரக்குக்கு முகவரி உண்டு. இந்தச் சுரங்கத்து நிலக்கரி இந்த மின்நிலையத்துக்கு என்று தொடர்பு முன்பே தீர்மானமாகியிருக்கும், போய்ச் சேர வழி இல்லாவிட்டால் சரக்கு ஸ்டேஷனுக்கே வராது. நிஜமாகவே குடோன் கட்டலாம். ஸ்டேஷனோடு சரக்குக் கிடங்கை ஒட்டிக் கட்டினால் கொள்ளளவு கூடும். தொழிற்சாலைக்கும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று தனித்தனி இருப்பு. வாங்குகிற இடத்தில் இருப்பு நிறைந்துவிட்டால் அனுப்புகிற இடம் தானாகவே கையை நிறுத்திக்கொள்ளும். சரக்கு மாயமாக மறைவதைவிட இது நியாயமாகப் படுகிறது.

---

லுங்கிக்கரை

நியாயம்தான், ஆனால் சிமுட்ரான்ஸில் ஒரு இடம் அடைத்துக்கொண்டால் அந்தச் சங்கிலி மொத்தமும் நின்றுபோகிறது. எங்கே அடைத்தது என்று ஒவ்வொரு கிடங்காகத் தேட வேண்டியிருக்கும். ஓப்பன்டிடிடி ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அதில் ஃபர்ஸ் என்ற கூடுதல் தொழிற்சாலைத் தொகுப்பைப் போட்டு ஆடுவது பிடிக்கும். அதில் பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் நாம் திருப்பிப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தால் உற்பத்தி கூடும். லாரி போகும்போதும் லோடு, வரும்போதும் லோடு.

---

லாரிஆபீஸ் (வேலூர்)

இந்த ஆட்டத்தை என் மகன் ஆடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். புக்கிங் ஆபீஸ் வேலை என் வாழ்நாள் முழுக்கச் செய்தது. குடோன் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

குடோன் சரக்கு வைப்பதற்கு என்று வெளியில் நினைப்பார்கள். பார்சல் குடோனில் சரக்கு ஒரு ராத்திரி தங்கினால் அதிகம். சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் சின்ன வண்டிகள் வர ஆரம்பிக்கும். ஆம்பூர் அட்டைப்பெட்டி, குடியாத்தம் லுங்கிக் கட்டு, தீப்பெட்டி பண்டல், எல்லாம் கலந்து வரும். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டிருக்கும், ஊர் ஊராக. மேஸ்திரி கட்டைக் கீழே வைக்கும்போதே கத்துவார், 'சேலம் உள்ளே, மெட்ராஸ் ஷட்டர் பக்கம்' என்று. எது முதலில் கிளம்புகிறதோ அது ஷட்டருக்குப் பக்கத்தில். பதனிடுகிற இடத்திலிருந்து வெட் ப்ளூ வந்தால் அதற்குத் தனி மூலை, ஏனென்றால் அந்தத் தோலில் ஈரம் இருக்கும். பிளாஸ்டிக் தாளால் மூடித்தான் வரும், ஆனாலும் தண்ணீர் கசியும். ஷூ பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அட்டை ஊறிப்போகும். நாள்கணக்கில் கிடந்தால் தோலில் பூஞ்சை பிடிக்கும். பச்சைத் தோல் என்றால் உப்புப் போட்டு வருவதால் கொஞ்சம் தாங்கும்.

ராத்திரி பத்துக்குள் தரை காலியாக வேண்டும். காலையில் ஒரு கட்டத்தில் சரக்கு மிச்சம் இருந்தால் அந்த ஊருக்கு வண்டி போதவில்லை என்று அர்த்தம். இரண்டு மூன்று நாள் அதே கட்டத்தில் மிச்சம் விழுந்தால் அந்த லைனுக்கு இன்னொரு வண்டி போட்டுவிடுவோம். பெரிய குடோன் பிடிக்கலாம் என்று எங்களில் யாரும் சொன்னதில்லை.

ரயில்வேயிலும் இதுதான். காட்பாடி கூட்ஸ் ஷெட்டில் உர ரேக் வந்து நின்றால் குறித்த நேரத்துக்குள் இறக்க வேண்டும். தாண்டினால் வேகனுக்கு டெமரேஜ் (தாமதக் கட்டணம்). இறக்கிய மூட்டையை ஷெட்டிலேயே போட்டு வைத்தால் அதற்கு வார்ஃபேஜ் (இடத்துக்கான கட்டணம்) தனி. இரண்டுமே சரக்கை நகர்த்த வைப்பதற்குத்தான். தம்பி ஆடுகிற ஆட்டத்தில் அந்த இரண்டும் இல்லை போலிருக்கிறது, அதற்குப் பதிலாகச் சரக்கையே எடுத்துவிடுகிறார்கள்.

---

கூட்ஸ்கார்டு

ஐயா, அந்தச் சாக்பீஸ் கட்டம் ஒன்று போதும். ஸ்டேஷன் சன்னலில் நாங்கள் பார்க்கிற எண்ணும் அதுதான். இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் ஏறினால் ரயில் போதவில்லை.

இப்போது லாபக் கணக்கு.

டிரான்ஸ்ஃபர் செய்யும்போது லாரி தலைக்கு மேலே ஒரு தொகை காட்டும். அது கையில் வந்த காசு இல்லை. இந்த லாரி இவ்வளவு தூரம் கொண்டுவந்தது, கடைசியில் வருகிற பணத்தில் இதன் பங்கு இவ்வளவு என்று ஆட்டம் எழுதி வைக்கிற கணக்கு. சென்னையில் ரயில் இறக்கும்போதுதான் உங்கள் கணக்கில் பணம் ஏறும். அதில் லாரியின் பங்கைக் கழித்து மிச்சத்தை ரயிலின் பெயரில் காட்டும். அதனால் லாரி நல்ல லாபம், ரயில் மோசம் என்று ஒற்றை வண்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. லாரிச் செலவு, ரயில் செலவு, சென்னையில் வந்த பணம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. காட்பாடியில் அழிந்துபோன அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பெட்டிக்கும் லாரி ஓடியிருக்கிறது, லாரி லாபமும் காட்டியிருக்கிறது. ஆனால் அவற்றுக்கு ஒரு ரூபாய்கூட உங்களுக்கு வரவில்லை, வரவும் வராது. ராணிப்பேட்டையிலேயே எடுக்காமல் விட்டிருந்தால் லாரி ஓடிய செலவாவது மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது திசை. வரைபடத்தைப் பாருங்கள். ஆம்பூர் காட்பாடிக்கு மேற்கே இருக்கிறது, சென்னை கிழக்கே. ஆம்பூர் சரக்கு காட்பாடி வழியாகப் போவது சரி. ராணிப்பேட்டை? அது காட்பாடிக்குக் கிழக்கே. சென்னைக்குப் போக வேண்டிய சரக்கை மேற்கே கொண்டுபோய், அங்கே ரயிலில் ஏற்றி, வந்த வழியாகவே கிழக்கே அனுப்புகிறீர்கள். பணம் சரக்கு ஏறிய இடத்துக்கும் கடைசியில் இறங்கிய இடத்துக்கும் உள்ள, வரைபடச் சதுரக் கட்டங்களை எண்ணிய தூரத்துக்குத்தான். சுற்றிப் போனதற்குச் சல்லிக்காசு கிடையாது. உங்கள் வரைபடத்தில் காட்பாடி–சென்னை 110 கட்டம், ராணிப்பேட்டை–சென்னை 90 கட்டம் என்று வைத்தால், ரயில் ஓடுவது 110, கிடைக்கிற பணம் 90க்கு, அதிலும் லாரி தன் 20ஐ எடுத்துக்கொள்ளும். ரயில் கையில் 70. இதில் ரயில் எப்படி லாபம் காட்டும்?

நேரமும் போகிறது. கூட்ஸுக்குப் பன்னிரண்டரை நாள் வரைக்கும் முழுப் பணம். அதற்கு மேல் வண்டியில் இருக்கிற ஒவ்வொரு இரண்டரை நாளுக்கும் கொஞ்சம் கழியும். வண்டியில் இருக்கிற நேரம் மட்டும்தான் கணக்கு, ஸ்டேஷனில் எத்தனை மாதம் கிடந்தாலும் சரக்குக்கு வயதாகாது. ஐயா சொன்ன ஈரத் தோலுக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை.

ஆகவே ராணிப்பேட்டை லாரிகளை வாலாஜா ரோட்டுக்குத் திருப்புங்கள். பக்கத்திலேயே இருக்கிறது, சென்னைக்குப் போகிற வழியில் இருக்கிறது. நிஜத்திலும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856ல் ராயபுரத்திலிருந்து போட்டது வாலாஜா ரோடு வரைக்கும்தான். ஆற்காட்டு, ராணிப்பேட்டைச் சரக்குக்குக் கதவு அங்கே இருந்திருக்கிறது.

---

பாலாற்றங்கரை

அண்ணா, வரைபடத்தில் எண்ணிப் பார்த்தேன். நீங்கள் போட்ட தூரம் ஏறக்குறைய அதேதான். ராணிப்பேட்டையிலிருந்து வாலாஜா ரோடு 5 கட்டம். அங்கிருந்து சென்னை 85.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஜங்ஷனில் சேர்த்தால் ரயில் நிறைய வரும், ரேட்டிங் நன்றாக இருக்கும் என்றுதான் காட்பாடியில் சேர்த்தேன். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு இடத்திலும் ரயில் குறைந்துவிடுமே?

---

கூட்ஸ்கார்டு

நல்ல கேள்வி. போட்டுப் பார்ப்போம். வாலாஜா ரோட்டிலிருந்து 85 கட்டம் என்றால் சுற்று 40 நாளிலிருந்து 31 நாள் அளவுக்கு வரும். ஒரு ரயில் மாதம் 75 எடுத்த இடத்தில் 97 எடுக்கும். ராணிப்பேட்டை 400க்கு ஐந்து ரயில் போதும். ஆம்பூர் 200க்குக் காட்பாடியில் மூன்று. ஆக எட்டு ரயிலில் மாதம் 710 பெட்டி எடுக்கலாம். எல்லாம் காட்பாடி என்றால் அதே எட்டு ரயில் 600தான் எடுக்கும்.

---

ஜவ்வாதுமலை

// காட்பாடியில் மூன்று //

மூன்று ரயில், 40 நாள் சுற்று, 13 நாளுக்கு ஒன்று. 51 போய் 37 ஆகிவிடும். உங்கள் கணக்கையே வைத்துச் சொல்கிறேன்.

---

கூட்ஸ்கார்டு

சரியாகப் பிடித்தீர்கள். ஃபுல் லோடு போடாமல் ஓட்டினால் அப்படித்தான் ஆகும். காட்பாடியில் ஃபுல் லோடு போடுங்கள். மூன்று ரயிலால் மாதம் 225 எடுக்க முடியும், வருவது 200. அதனால் குவியல் கரைந்த பிறகு ஏதாவது ஒரு ரயில் பிளாட்ஃபார்மில் நின்று நிரம்பிக்கொண்டே இருக்கும். ரயில் ஏற்றிக்கொண்டு நிற்கும்வரை கடைசியாக எடுத்த நாள் எண்ணப்படாது. 51 கையில் இருக்கும்.

ஆனால் ஆம்பூர் கூட்ஸுக்கு என்று பிளாட்ஃபார்மை ஒதுக்கிவிடுங்கள். ஃபுல் லோடுக்கு நிற்கிற ரயில் மெயின் லைனை மறித்தால் ஜோலார்பேட்டை வரைக்கும் எல்லாம் நின்றுவிடும்.

---

லுங்கிக்கரை

ஜேஜிஆர் பேட்ச் பேக் (ஓப்பன்டிடிடியின் வசதிகள் கூட்டிய பதிப்பு) போட்டிருந்தால் இன்னொரு வழி உண்டு. ஸ்டேஷனில் எவ்வளவு சரக்கு நிற்கிறது என்று பார்த்து ஆர்டர் மாறும்படி நிபந்தனை வைக்கலாம். வாலாஜாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் காட்பாடி ரயிலில் ஒன்று அங்கேயும் நின்று ஏற்றிப் போகும்படி. ஐயா ஆபீஸில் அந்த லைனுக்கு இன்னொரு வண்டி போடுவது மாதிரி, ஆட்டம் தானே போட்டுக்கொள்ளும்.

---

பாலாற்றங்கரை

அக்கா, நான் ஆடுவது சாதாரணப் பதிப்பு. இந்த வரைபடம் முடிந்ததும் அதைப் போட்டுப் பார்க்கிறேன்.

ஐயாவிடம் ஒரு சந்தேகம். குடோனில் சரக்கு தங்கக் கூடாது என்றீர்கள். அப்படியானால் நிஜத்தில் சரக்கு எங்கேதான் தங்கும்? ஆம்பூரில் ஷூ ஒரே நாளில் கண்டெய்னர் நிறைய வராது இல்லையா?

---

லாரிஆபீஸ்

வராது தம்பி. செய்கிற இடத்திலேயே தங்கும். ஆர்டர் முழுவதும் முடிகிற வரைக்கும் கம்பெனிக்குள்ளேயே பெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். கப்பலுக்கு இந்தத் தேதிக்குள் கண்டெய்னர் துறைமுகத்துக்கு உள்ளே போய்விட வேண்டும் என்று ஒரு கெடு இருக்கும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எங்களுக்குப் போன் வரும். ஒரு முறை ஒரு கம்பெனி கெடுவுக்கு வெகு முன்னாலேயே சரக்கை அனுப்பிவிட்டது. இங்கேயும் வைக்க முடியவில்லை, துறைமுகத்துப் பக்கம் வைத்தால் வாடகை. கடைசியில் பாதியைத் திருப்பி எடுத்துப் போனார்கள். ஏற்றுகூலி இறக்குகூலி இரண்டு தடவை. சரக்கு வழியில் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். செய்கிற இடத்தில் நின்றால் அந்தக் கூலி இல்லை.

---

ஜவ்வாதுமலை

ஐயா சொல்வது சிமுட்ரான்ஸுக்கு அப்படியே பொருந்துகிறது. ஓப்பன்டிடிடியில் பொருந்தாது. ராணிப்பேட்டையில் குவியல் வைத்தால் அங்கே ரேட்டிங் விழும், ஃபேக்டரி செய்கிற கூட்ஸில் ரேட்டிங் சதவீதம் மட்டும்தான் ஸ்டேஷனுக்கு வரும். மிச்சம் வீண்.

---

கூட்ஸ்கார்டு

வீண்தான், ஆனால் ஆரம்பத்திலேயே வீணாகிறது, லாரிச் செலவு இல்லாமல். இதில் நான் ஐயா பக்கம். ரயில் வாங்கக் கையில் பணம் இல்லாத காலத்தில் லாரியைக் குறையுங்கள், ராணிப்பேட்டையில் குவியட்டும். பணம் வந்ததும் முதலில் ரயில், பிறகு லாரி. நிறைய பேர் முதலில் லாரியைக் கூட்டுகிறார்கள், ஏனென்றால் லாரி தலைக்கு மேலே தொகை காட்டுகிறது.

பண்ணைக்கு மட்டும் இது வேண்டாம். அங்கே கால்நடையை எப்படியும் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுங்கள். ஸ்மூத் பொருளாதாரம் (உற்பத்தி சிறிது சிறிதாக மாறுகிற அமைப்பு) என்றால், 60க்கு மேல் எடுத்தால், உற்பத்தி மாறுகிறபோது மூன்றில் இரண்டு தடவை கூடும். 60க்குக் கீழே என்றால் பாதிக்குப் பாதிதான். ஃபேக்டரிக்கு அந்தக் கணக்கு இல்லை, உள்ளே எவ்வளவு போகிறதோ அதற்கேற்பத்தான் வெளியே வரும். அதனால் பண்ணைப் பக்கம் கஞ்சத்தனம் வேண்டாம்.

---

ஆரணிநெல்

ஆரணிப் பண்ணைக் கால்நடையை எங்கே கொண்டுபோகிறீர்கள்? கால்நடைக்குப் பத்து நாள்தான் முழுப் பணம், கூட்ஸைவிடக் கெடு குறைவு. நான் ஆடும்போது கால்நடை லாரியை ஒருபோதும் டிரான்ஸ்ஃபரில் விட மாட்டேன், பண்ணையிலிருந்து நேரே ஃபேக்டரிதான்.

---

பாலாற்றங்கரை

நேரே ராணிப்பேட்டைக்குத்தான், பாலாற்றுக்கு மேலே பாலம் போட்டு. ஆரணி, கலவை இரண்டும் அந்தப் பாலத்தில்தான் சேர்கின்றன.

இப்போது செய்து முடித்தது வரைக்கும் சொல்கிறேன். வாலாஜா ரோட்டில் நான்கு பிளாட்ஃபார்ம் கட்டி, ராணிப்பேட்டை லாரி எல்லாவற்றையும் அங்கே திருப்பிவிட்டேன். ரயில் எட்டு ஆயிற்று, ஐந்து வாலாஜாவில், மூன்று காட்பாடியில். வாலாஜாவில் ஐந்தாவது ரயில் வந்த பிறகு நிற்கிற சரக்கு நூறைத் தாண்டவில்லை. காட்பாடியில் பழைய குவியல் இன்னும் இருக்கிறது. அது மாதம் 25 பெட்டிதான் கரையும் என்பதால் நான்காவது ரயில் ஒன்றைத் தற்காலிகமாக விட்டிருக்கிறேன். குவியல் கரைந்ததும் அதை வாலாஜாவுக்கு மாற்றிவிடலாம்.

ராணிப்பேட்டை லாரிகள் காட்டுகிற லாபம் இப்போது கால்வாசிதான். ரயில்களின் லாபம் ஏறியிருக்கிறது. மொத்த வரவைப் போன வருஷத்தோடு ஒப்பிட இன்னும் வருஷம் முடியவில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. இரண்டு லைன் ரயிலும் வாலாஜாவுக்குக் கிழக்கே ஒரே தண்டவாளத்தில் சேர்கின்றன. காட்பாடி ரயில் சோளிங்கர் வரைக்கும் வாலாஜா ரயிலுக்குப் பின்னால் ஊர்ந்து வருகிறது.

---

கூட்ஸ்கார்டு

வாலாஜாவிலிருந்து கிளம்புகிற ரயில் வேகம் எடுப்பதற்கு முன்பே மெயின் லைனில் நுழைகிறது, அதுதான் காரணம். ஸ்டேஷனுக்கு வெளியே மெயின் லைனுக்கு இணையாக ஒரு ரயில் நீளத்துக்கு மேல் தனித் தண்டவாளம் போட்டு, அதில் வேகம் பிடித்த பிறகு சேரும்படி செய்யுங்கள். சேருகிற இடத்துக்கு முன்னால் பாத் சிக்னல் (முன்னால் வழி காலியாக இருந்தால் மட்டும் ரயிலை விடுவது). மெயின் லைனில் சிக்னல் இடைவெளி ரயில் நீளத்தைவிட அதிகமாக இருந்தால் அதையும் குறையுங்கள். அப்படியும் ஊர்ந்தால் அரக்கோணம் வரைக்கும் இரண்டாவது ஜோடித் தண்டவாளம் போட வேண்டியதுதான். சேவ் ஃபைலை இங்கே ஏற்றுங்கள், சேருகிற இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

---

பாலாற்றங்கரை

ராத்திரி ஏற்றுகிறேன் அண்ணா. அதில் கூடுதலாக எந்தத் தொகுப்பும் இல்லை, அப்படியே திறக்கும். தமிழ் இடைமுகத்தில் சில இடம் இன்னும் மொழிபெயர்க்காமல் ஆங்கிலத்திலேயே வரும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். வாலாஜா ஸ்டேஷனுக்கு வடக்கே இரண்டு பிளாட்ஃபார்முக்கு இடம் விட்டிருக்கிறேன், தனித் தண்டவாளத்தை அந்தப் பக்கம் போடலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.